காலை ரேடியோ நிகழ்ச்சியில் மைக்குக்குப் பின்னால் இருப்பவருக்கு என்ன வேலை?

கேள்வி சுருக்கமானதுதான். ஒரு ரேடியோ நிலையத்தின் காலை நிகழ்ச்சியில் உதவித் தயாரிப்பாளர் வேலை கிடைத்திருக்கிறது, விடியற்காலை நாலரைக்கு வரச் சொல்கிறார்கள், பேசுவதெல்லாம் ஆர்ஜே என்னும்போது பின்னால் இருப்பவருக்கு அப்படி என்ன வேலை, உடம்பு தாங்குமா, இதிலிருந்து பிறகு மைக்குக்குப் போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. இது கற்றுக்கொள்ள வேண்டிய தொழிலா, இல்லை, கேட்டதை எடுத்துக் கொடுக்கும் எடுபிடி வேலையா? அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தொழில்தான். எடுபிடி வேலையும் அதில் உண்டு, மறைக்கவில்லை. பாட்டும் பேச்சும் கலந்த காலை நிகழ்ச்சிகளில் பல வருடங்கள் தயாரிப்புப் பக்கம் இருந்திருக்கிறேன். முழுநேரச் செய்தி நிலையங்களில் ஆட்களும் அதிகம், முறைகளும் வேறு. அந்த அளவோடு இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்ஜே பேசும்போது அவர் தலைக்குள் என்னென்ன ஓடுகிறது என்று பாருங்கள். ஹெட்போனில் தன் குரல், அடியில் இசை, ஒரு திரையில் அடுத்த பாட்டு, இன்னொரு திரையில் நேயர்களின் செய்திகள், நடுநடுவே காதுக்குள் தயாரிப்பாளரின் குரல். இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு ஆளிடம் நிதானமாகப் பேசுவதுபோல அவர் பேச வேண்டும். இதோடு கடிகாரத்தையும் அவரே சுமந்தால் பேச்சில் அவசரம் ஒட்டிக்கொள்ளும். கேட்பவருக்குக் காரணம் தெரியாது. ஏதோ பதற்றம் என்பது மட்டும் தெரிந்துவிடும். அந்தக் கடிகாரத்தை அவர் தலையிலிருந்து இறக்கி நம் தலையில் வைத்துக்கொள்வதுதான் பின்னால் இருப்பவரின் முதல் வேலை. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவைதான்.

ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நிலையத்திடம் ஒரு வரைபடம் இருக்கும். அதையே க்ளாக் என்பார்கள். செய்தி எங்கே, விளம்பரம் எங்கே, எத்தனை பாட்டு, ஆர்ஜே பேசும் லிங்க் எத்தனை என்று வட்டத்தில் குறித்திருக்கும். அதில் சில நகராது: மணிக்கு மணி வரும் செய்தி, பணம் கட்டிய விளம்பரம். சில நகரும்: பாட்டு, பேச்சு, நேயர் அழைப்பு. நகராதவற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து கணக்குப் போடுவதுதான் அன்றாடப் பாடம். உதாரணத்துக்கு, இப்போது மணி 7:52:40 என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிச் செய்திக்கு 7 நிமிடம் 20 விநாடி இருக்கிறது. பாட்டு 3:50, விளம்பரம் 2:00, வானிலையும் போக்குவரத்தும் 40 விநாடி, நிலையத்தின் பெயரைச் சொல்லும் குட்டி இசையான ஜிங்கிள் 10 விநாடி. மொத்தம் 6:40. பேச்சுக்கு மிச்சம் 40 விநாடி. அந்த 40 விநாடிக்குள் ஒரு நேயரை எடுக்கிறீர்கள், அவர் அருமையாகப் பேசுகிறார், 25 விநாடி கூடிப்போய்விட்டது. இப்போது எதை வெட்டுவது? விளம்பரத்தில் கை வைக்க முடியாது. ஜிங்கிளை எடுத்தால் 10 விநாடி வரும். மிச்சம் 15 விநாடியைப் பாட்டின் வாலில் எடுக்க வேண்டும். அந்தப் பாட்டு தேய்ந்து முடிவதா, பட்டென்று நிற்பதா என்பது தெரிந்தால்தான் அதைத் தைரியமாகச் சொல்ல முடியும். பட்டென்று நிற்கும் பாட்டின் கடைசி வரியை முழுங்கினால் கேட்பவருக்கு உறுத்தும். இந்த முடிவை எடுக்க உங்களுக்குக் கிடைப்பது மூன்று நான்கு விநாடிதான். நிமிடத்துக்கு அறுபது விநாடி என்ற கணக்கில் கூட்டல் கழித்தல் மனக்கணக்காக வர வேண்டும். ஆரம்பத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டே போடுங்கள், அதில் வெட்கமே வேண்டாம்.

இதற்கு ஒரு பழைய உத்தி இருக்கிறது. செய்திக்கு முன்னால் வருவது இரண்டரை நிமிட வாத்திய இசை என்றால், 7:57:30க்கு அதை, ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடர் இறங்கிய நிலையிலேயே ஓடவிட்டுவிடுவார்கள். வெளியே எதுவும் கேட்காது. ஆர்ஜே எப்போது பேசி முடிக்கிறாரோ அப்போது ஃபேடரை மெல்ல ஏற்றினால் போதும், இசை எப்படியும் எட்டு மணிக்குச் சரியாக முடியும். கேட்பவருக்கு எல்லாம் அளந்து வைத்ததுபோல் இருக்கும். இன்றைய மென்பொருள்கள் இந்தக் கணக்கைத் தாமே போட்டுத் திரையில் காட்டுகின்றன, சில பாட்டின் நீளத்தைக்கூட இழுத்துச் சுருக்கிச் சரிசெய்கின்றன. ஆனால் அழைப்பில் இருக்கும் நேயர் எப்போது நிறுத்துவார் என்பதை மென்பொருள் சொல்லாது.

பாட்டுகளிலும் பின்னறை வேலை இருக்கிறது. பாட்டு ஆரம்பித்துக் குரல் வரும்வரை எத்தனை விநாடி என்று ஒவ்வொரு பாட்டுக்கும் குறித்து வைத்திருப்பார்கள். 14 விநாடி முன்னிசை என்றால் திரை 14லிருந்து இறங்கும், ஆர்ஜே குரல் தொடங்குவதற்குச் சற்று முன் பேச்சை முடிப்பார். நன்றாகச் செய்தால் வித்தை மாதிரி இருக்கும். அந்தக் குறி அரை விநாடி தப்பாக இருந்தால் பாடகர் மேல் அவர் ஏறி விழுவார், கேட்பவர்கள் ஆர்ஜேயைத்தான் திட்டுவார்கள். புதிய பாட்டுகளுக்கு இந்தக் குறிகளைப் போடுவது பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர் தலையில்தான் விழும். சலிப்பான வேலைதான், ஆனாலும் காது பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இனி டாக்பேக், அதாவது பின்னறையிலிருந்து ஆர்ஜேயின் ஹெட்போனுக்குள் பேசும் வசதி. ஸ்டுடியோவில் மைக் திறந்தால் ஒலிபெருக்கிகள் தானாக அணைந்து சிவப்பு விளக்கு எரியும். அதன் பிறகு ஆர்ஜேயுடன் பேச ஒரே வழி அவர் ஹெட்போன்தான். பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் காதுக்குள் பேசுவது ஒரு தனிக் கலை. ஒரு மூச்சில் சொல்லி முடிகிற அளவுக்குத்தான் சொல்ல வேண்டும்: "இருபது", "ரெண்டாவது லைன்", "முடிங்க", "பேர் தப்பு, திருத்துங்க". கேள்வி கேட்கவே கூடாது. அவரால் பதில் சொல்ல முடியாது, சொல்ல முடியாத பதிலை மனசு தேட ஆரம்பித்தால் வாய் தடுமாறும். காரணமும் சொல்லக் கூடாது. "அடுத்த நேயர் லைனை விட்டுட்டாரு, அதனால நேரா பாட்டுக்குப் போயிடுங்க" என்பது எட்டு ஒன்பது சொல். "பாட்டு" என்றால் போதும், ஏன் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். இன்னொன்று, குரலில் பதற்றம் இருந்தால் அது அப்படியே அவர் குரலுக்குத் தாவும். சர்வர் படுத்துவிட்டாலும் "பேசிட்டே இருங்க" என்று சாதாரணமாகச் சொல்லப் பழக வேண்டும். வாக்கியத்தின் நடுவில் இல்லாமல் அவர் மூச்சு வாங்கும் இடத்தில் சொல்ல வேண்டும். ஒரே ஆர்ஜேயுடன் கொஞ்ச காலம் இருந்தால் அந்த இடம் உங்களுக்குத் தெரியவரும். சொல்லிக் கொடுத்து வருவதில்லை.

நேயர் அழைப்புகளை எடுப்பதுதான் புதியவருக்கு முதலில் தருகிற பொறுப்பு. வெளியிலிருந்து பார்த்தால் வரவேற்பறை வேலை போலத் தெரியும். உண்மையில் நிகழ்ச்சியின் தரம் பாதிக்கு மேல் அங்கேதான் தீர்மானமாகிறது என்பது என் கருத்து. முதல் பத்து விநாடியில் நீங்கள் கவனிப்பது அவர் என்ன சொல்கிறார் என்பதை மட்டும் இல்லை. குரல் உயிரோடு இருக்கிறதா, லைன் தெளிவாக இருக்கிறதா, கதையை நடுவிலிருந்து தொடங்கத் தெரிகிறதா என்பதையும்தான். பிறகு திரையில் பெயர், எங்கிருந்து, ஒரே வரியில் விஷயம். "மாமியாரைப் பற்றிப் பேசுகிறார்" என்று எழுதினால் ஆர்ஜேக்கு எந்தப் பயனும் இல்லை. "மாமியாரும் இவரும் ஒரே நாளில் ஒரே பரீட்சை எழுதினார்கள், மாமியார் பாஸ்" என்று எழுதினால் அவருக்கு முதல் கேள்வி தானாக வந்துவிடும். ஆனால் அந்தக் கதையை முழுவதுமாக உங்களிடமே சொல்ல விடாதீர்கள். இரண்டாம் முறை சொல்லும்போது பாதி உயிர் போயிருக்கும். சூடு பிடிக்கும்போதே "இதை அப்படியே ஆர்ஜேகிட்ட சொல்லுங்க" என்று நிறுத்திவிட வேண்டும். வீட்டு ரேடியோவை அணைக்கச் சொல்லவும் மறக்காதீர்கள். அதில் நிகழ்ச்சி சில விநாடி தாமதமாகக் கேட்கும், தன் குரலையே பின்னால் கேட்டு மனிதர் குழம்பிப்போவார். அழைப்பவருக்கு அனுப்பும் ஒலியில் அவருடைய குரலை மட்டும் நீக்கிவிட்டு மற்றதெல்லாம் போகும்படி, ஒலிகளைக் கலக்கும் பலகையான கன்சோலில் ஒரு தனி இணைப்பு அமைத்திருப்பார்கள். அதை மிக்ஸ் மைனஸ் என்பார்கள். அது சரியாக இல்லையென்றால் அவருக்கு எதிரொலி வரும். அழைப்பவர் திணறினால் அவரைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

நேரலை என்று நீங்கள் நினைக்கும் அழைப்புகளில் பல சில நிமிடம் முன்பு, பாட்டு ஓடும்போது பதிவு செய்யப்பட்டவை. பாட்டு முடிவதற்குள் தொடக்கத்து இழுவையையும் இடையில் வந்த "அப்புறம்... அப்புறம்" எல்லாவற்றையும் வெட்டி, மூன்று நிமிடத்தை நாற்பது விநாடியாக்கி ஒலிபரப்புவார்கள். இதில் ஏமாற்று ஏதுமில்லை, பரவலாக நடப்பதுதான். எல்லை எங்கே என்றால், அவர் சொல்லாததைச் சொன்னதுபோல் ஆக்கக் கூடாது, கேள்வியை மாற்றி அதே பதிலை ஒட்டக் கூடாது. அனுமதி விஷயத்தில் நாட்டுக்கு நாடு விதி வேறு. அமெரிக்காவில், ஒலிபரப்புவதற்காக ஒருவரின் தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்வதற்கு முன்பே அவரிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று அந்நாட்டு ஒலிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசியின் விதி இருக்கிறது. நிகழ்ச்சிக்குத் தானே அழைப்பவருக்கு இது தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம், நீங்கள் போய் ஒருவரை அழைத்தால் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. குறும்பு அழைப்புகளில் நிலையங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். உங்கள் நிலையத்தின் விதி என்ன என்பதை முதல் வாரத்திலேயே கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பின்னறையில் இருப்பவருக்கு எவ்வளவு பொறுப்பு என்று கேட்டால் நான் சொல்வது 2007 ஜனவரியில் அமெரிக்காவின் சாக்ரமெண்டோ நகரில் நடந்ததைத்தான். கேடிஎன்டி என்ற நிலையத்தின் காலை நிகழ்ச்சியில், சிறுநீர் கழிக்காமல் யார் அதிகத் தண்ணீர் குடிப்பது என்று ஒரு போட்டி வைத்தார்கள். பரிசு ஒரு வீடியோ கேம் கருவி. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் சரிந்து உயிரே போகலாம். போட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு செவிலியர் நிலையத்தை அழைத்து இது ஆபத்து என்று எச்சரித்தார். போட்டி நிற்கவில்லை. கலந்துகொண்ட ஒரு பெண் அன்றே வீட்டில் இறந்துபோனார். நிலையம் 10 பேரை வேலையைவிட்டு நீக்கியது. 2009இல் நடுவர் குழு அந்தக் குடும்பத்துக்கு 1.6 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நிகழ்ச்சியின் ஓட்டத்தில் ஆர்ஜே சிரிப்பில் மூழ்கியிருப்பார், அது அவர் வேலை. அந்த ஓட்டத்துக்கு வெளியே நின்று "இதை இங்கேயே நிறுத்தணும்" என்று சொல்லக் கூடியவர் ஸ்டுடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், பின்னறையில் இருப்பவர்தான். சின்னப் பதவியில் இருந்துகொண்டு அதைச் சொல்வது கஷ்டம். எந்த மாதிரி விஷயத்தில் யாரிடம் சொன்னால் உடனே நிற்கும் என்பதை அமைதியான ஒரு நாளிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

நேரலை அழைப்புகளுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. ஸ்டுடியோவிலிருந்து போகும் ஒலியை ஏழெட்டு விநாடி பிடித்து வைத்துப் பிறகு வெளியே விடும் தாமதக் கருவி அது. முன்பு டேப்பைச் சுற்றவிட்டு இதைச் செய்தார்கள். 1970களின் பிற்பகுதியில் ஈவென்டைட் நிறுவனம் டிஜிட்டல் கருவி கொண்டுவந்தது. யாராவது கெட்ட வார்த்தை பேசினாலோ ஒருவர் பெயரைச் சொல்லிப் பழி போட்டாலோ டம்ப் பொத்தானை அமுக்கினால் பிடித்து வைத்த விநாடிகள் அப்படியே போய்விடும். கருவி பிறகு பேச்சைக் காதுக்குத் தெரியாத அளவு மெல்ல இழுத்து, தாமதத்தை மறுபடி சேர்த்துக்கொள்ளும். பொத்தான் ஆர்ஜே பக்கமும் இருக்கும், உங்கள் பக்கமும் இருக்கும். ஆனால் அவர் அப்போது பேசிக்கொண்டிருப்பார், அதனால் நடைமுறையில் அமுக்குவது நீங்கள்தான். சந்தேகம் வந்தால் அமுக்கிவிடுங்கள். தேவையில்லாமல் அமுக்கியதற்காக யாருக்கும் வேலை போய் நான் பார்த்ததில்லை.

தாமதம் என்றதும் நேரம் சொல்வது பற்றி ஒரு வார்த்தை. பிபிசி 1924 பிப்ரவரி 5 முதல், மணியைக் காட்டும் 'பீப்' ஒலிகளைப் போடுகிறது. ஆறு ஒலிகளில் கடைசி ஒலி தொடங்கும் கணம்தான் மணி. சாதாரண அனலாக் வானொலியில் அது துல்லியமாகக் கேட்கும். டிஜிட்டல் வானொலியில் சில விநாடி தள்ளிப்போகும். இணைய ஒலிபரப்பில் அரை நிமிடம்கூடப் பின்தங்கலாம். அதனால் "இன்னும் பத்து விநாடியில் எட்டு மணி" என்பது போன்ற வரிகளை எழுதிக் கொடுக்காதீர்கள். "எட்டு ஆகப்போகிறது" போதும். முதலில் அழைப்பவருக்குப் பரிசு என்கிற போட்டியிலும் இதே சிக்கல்தான்: இணையத்தில் கேட்பவர் எப்போதும் தோற்பார், எரிச்சலும் படுவார்.

காலை நிகழ்ச்சியின் பெரும்பகுதி முந்தின நாளே நடந்து முடிந்துவிடுகிறது. நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு சிறு கூட்டம், பிறகு அடுத்த நாளுக்கான தேடல். இதில் அதிக நேரம் தின்பது நேயர்களிடம் கேட்கும் கேள்விதான். "குழந்தை வளர்ப்பு பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால் ஒருவரும் அழைக்க மாட்டார்கள், அழைப்பவர் சொற்பொழிவு ஆற்றுவார். "உங்க குழந்தை எல்லார் முன்னாலயும் போட்டுக்கொடுத்த ரகசியம் என்ன?" என்று கேட்டால் லைன் நிரம்பும். பல் தேய்த்துக்கொண்டோ வண்டி ஓட்டிக்கொண்டோ இருப்பவர் கேட்ட ஐந்து விநாடிக்குள் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு பதில் அவர் மனசில் எழ வேண்டும். கருத்தைக் கேட்டால் யோசிக்க வேண்டும், சம்பவத்தைக் கேட்டால் நினைவு வந்தால் போதும். கேள்வியை எழுதியதும் அலுவலகத்தில் ரேடியோவோடு சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். அவர் "உம்..." என்று இழுத்தால் அந்தக் கேள்வியைத் தூக்கிப் போடுங்கள். உடனே சிரித்தால் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் சில நாள் ஒரு அழைப்புகூட வராது. அதற்காக இரண்டு மூன்று நல்ல பதில்களை முன்பே பதிவு செய்து வைத்திருப்பது நல்லது. முதல் பதில் ஒலித்தால்தான் அடுத்தவருக்குத் துணிச்சல் வரும்.

விடியற்காலையில் வந்ததும் செய்வது பெரும்பாலும் கழித்தல். இரவில் ஏதாவது விபத்தோ மரணமோ நடந்திருந்தால் நேற்று எழுதிய நகைச்சுவை இன்று உதவாது. அதோடு ஒத்துவராத பாட்டு, விளம்பரம், நிலையம் தன் நிகழ்ச்சிகளுக்கே போடும் ப்ரோமோ எல்லாவற்றையும் தேடி எடுக்க வேண்டும். வெள்ளம் வந்த காலையில் மழைப் பாட்டு போனால் எவ்வளவு கேவலமாக இருக்கும், யோசித்துப் பாருங்கள். இதை மென்பொருள் தானாகச் செய்யாது, தலைப்பைப் படித்து ஒரு மனிதர்தான் செய்ய வேண்டும். கொண்டுவந்த விஷயங்களில் பாதிக்கு மேல் ஒலிபரப்பாகாது. அதைப் பார்த்து மனம் சோர்ந்துபோகிறவர்கள் இந்த வேலையில் நிலைப்பதில்லை.

ஒரே விஷயத்தை ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்றும் உங்களுக்குத் தோன்றும். காலையில் மூன்று மணி நேரமும் உட்கார்ந்து கேட்பவர் அரிது. கிளம்பும் அவசரத்தில் கொஞ்சம், வண்டியில் கொஞ்சம் என்றுதான் கேட்கிறார்கள். ஏழே காலுக்கு வந்தவருக்கு ஏழு மணிக்குச் சொன்னது தெரியாது. நேயர் கணக்கெடுப்பும் இதற்குக் காரணம். அமெரிக்காவில் நீல்சன் நிறுவனம் நெடுங்காலமாக, ஒரு கால் மணி நேரத்துக்குள் ஐந்து நிமிடமாவது கேட்டால்தான் அந்தக் கால் மணியை நிலையத்தின் கணக்கில் சேர்த்தது. மீட்டர் வைத்து அளக்கும் நகரங்களில் 2025 முதல் அதை மூன்று நிமிடமாகக் குறைத்தது. "இன்னும் கொஞ்ச நேரத்தில்..." என்று ஆர்ஜே ஆசை காட்டுவதும், விளம்பர இடைவேளைகள் கால் மணிக் கோட்டைத் தாண்டி உட்கார்வதும் இந்தக் கணக்கால்தான். இதுவரை நிச்சயம். அந்த ஆசை காட்டலால் மக்கள் நிஜமாகவே தங்குகிறார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. நல்ல விஷயத்துக்குத் தங்குகிறார்கள், வெறும் இழுத்தடிப்புக்கு நிலையத்தை மாற்றுகிறார்கள் என்பது என் அனுபவம், அவ்வளவுதான்.

விளம்பரங்கள் போன நேரத்தைக் குறிக்கும் பட்டியலான லாகைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எந்த விளம்பரம் எப்போது போனது என்று டிக் அடிக்க வேண்டும், விட்டுப்போனதை வேறு நேரத்தில் ஈடுகட்ட வேண்டும். சம்பளம் அதிலிருந்துதான் வருகிறது.

உடம்பு தாங்குமா என்று கேட்டீர்கள். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்துவரை உடல் வெப்பமும் விழிப்பும் மிகத் தாழ்ந்திருக்கும் என்பது உறுதியான அறிவியல். அந்த நேரத்தில் எழுந்தவுடன் மூளை முழுதாகத் தெளிய அரை மணியாவது ஆகும். எழுந்த கையோடு வண்டி எடுக்காதீர்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குச் சரிவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூன்று மணிக்கு எழுந்தவருக்கு அந்த 17 மணி நேரம் இரவு எட்டு மணிக்கே வந்துவிடுகிறது. மாலை விசேஷத்துக்குப் போய்த் திரும்பும்போது இதை நினைவில் வையுங்கள். இரவு ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்ற பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இல் சேர்த்தது, 2019இல் அதை உறுதிசெய்தது. ஆனால் அது இரவு ஷிப்ட் வேலை செய்பவர்களைப் பற்றியது. நாலரைக்கு ஆரம்பிக்கும் வேலைக்கு அதை அப்படியே பொருத்திப் பயப்படத் தேவையில்லை. என் பழக்கம் இது: இரவு எட்டரைக்குப் படுக்கை, மதியம் இரண்டு மணிக்குள் ஒரு குட்டித் தூக்கம், விடுமுறை நாளிலும் ஐந்தரைக்கு மேல் படுக்கையில் இருப்பதில்லை. இயல்பிலேயே இரவில் சுறுசுறுப்பாகிறவர்களுக்கு இது உண்மையிலேயே சிரமம். மனவுறுதி இருந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதில் பிறவிக் கூறு நிறைய இருக்கிறது.

ஆர்ஜேயுடன் உறவு எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். மைக் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் பதிவு செய்யும் முறை பெரும்பாலான நிலையங்களில் உண்டு. அந்தப் பதிவை ஏர்செக் என்பார்கள். மூன்று மணி நேர நிகழ்ச்சி அதில் அரை மணி முக்கால் மணிக்குச் சுருங்கிவிடும். அதை இருவரும் உட்கார்ந்து கேட்பதுதான் முன்னேற வழி. நிகழ்ச்சி முடிந்த கையோடு குறை சொல்லாதீர்கள், அப்போது அவர் தோல் உரிந்த நிலையில் இருப்பார். மதியமோ மறுநாளோ, ஒரே ஒரு இடத்தை மட்டும் போட்டுக் காட்டி, "இங்க முதல் வரியிலேயே விஷயம் முடிஞ்சிருச்சு, அடுத்த இருபது விநாடி எதுக்கு?" என்று கேளுங்கள். நன்றாக வந்ததையும் இதே நுணுக்கத்தோடு சொல்லுங்கள். "சூப்பர்" என்பதால் அவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. புகழும் நேயர் அன்பும் அவருக்குத்தான் போகும். அது உங்களை அரித்துக்கொண்டே இருக்கும் என்று தோன்றினால், இந்த வேலையை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

மைக்குக்குப் போக முடியுமா? நேர்ப் பாதை கிடையாது. சிலர் போயிருக்கிறார்கள், பெரும்பாலும் சிறு வாசல் வழியாக: போக்குவரத்துச் செய்தி வாசிப்பது, வார இறுதியில் குரலை மட்டும் முன்கூட்டியே பதிவு செய்து கொடுக்கும் நிகழ்ச்சி, ஆர்ஜே உங்களை இழுத்துப் பேசவைத்து நேயர்களுக்குப் பிடித்துப்போவது. தடையும் இருக்கிறது. பின்னால் நன்றாகச் செய்பவரை முன்னால் அனுப்ப எந்த மேலாளருக்கும் மனசு வராது. மைக்தான் உங்கள் ஆசை என்றால் சேரும்போதே சொல்லிவிடுங்கள், ஒரு வருடம் கழித்துச் சொல்வதைவிட அது நல்லது. தானியங்கி மென்பொருளாலும் செலவுக் குறைப்பாலும் குழுக்கள் சிறுத்துவருவது உண்மை. பல இடங்களில் கன்சோலை ஆர்ஜேயே இயக்க, ஒரே தயாரிப்பாளர் அழைப்பு, வெட்டு, சமூக ஊடகத் துண்டுக் காணொளி எல்லாம் பார்க்கிறார். இந்த வேலை பத்து வருடத்தில் என்ன ஆகும் என்பதில் ஆளுக்கொரு ஊகம். என் ஊகத்தைச் சொல்வதானால், பாட்டை வரிசைப்படுத்தும் வேலை போய்விடும், யாரை எப்போது பேசவிடுவது என்று தீர்மானிக்கும் வேலை நிற்கும்.

வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். கன்சோல் யார் கையில்? டம்ப் பொத்தான் யார் பொறுப்பு, அதற்குப் பயிற்சி உண்டா? நிகழ்ச்சிக்குப் பிறகான கூட்டமும் மதிய வேலையும் வேலை நேரத்தில் சேருமா? நாலரைக்கு வந்தவரை மாலை நிகழ்ச்சிகளுக்கும் கூப்பிடுவார்களா? கடைசிக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள், ஆட்கள் விட்டுப்போவது பெரும்பாலும் அதனால்தான். முடிந்தால் ஒரு நாள் நிகழ்ச்சி நடக்கும்போது பின்னறையில் உட்கார அனுமதி வாங்குங்கள். ஆர்ஜேயைப் பார்க்காமல் தயாரிப்பாளரையே பாருங்கள். பாட்டு ஓடும் மூன்று நிமிடத்தில் அவர் கை என்ன செய்கிறது, எத்தனை முறை கடிகாரத்தைப் பார்க்கிறார், ஆர்ஜே காதில் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். அந்த மூன்று மணி நேரம் உங்களுக்கு நீளமாகத் தெரிந்ததா, சட்டென்று போய்விட்டதா என்று பார்த்துவிட்டு அவர்களுக்குப் பதில் சொல்லுங்கள்.